ஓவியம் போகட்டும், அந்த அழைப்பிதழ் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஆசியாவின் சமகால ஓவியர்கள், சிற்பிகள் வீட்டுக்கே போய் அவர்களுடைய கடிதம், புகைப்படம், அழைப்பிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தொகுக்கிற ஆய்வாளர்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். திட்டி வந்ததையும் விடவில்லை.

மியூசியம் என்று ஒன்று இருக்கும்போது தனியாக ஆவணக் காப்பகம் எதற்கு? படத்தைப் பாதுகாத்தால் போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

படம் மட்டும் கையில் இருந்தால் யார் வரைந்தது, எந்த வருஷம் என்பதோடு கதை நின்றுவிடும். முதலில் எங்கே மாட்டினார்கள், பக்கத்துச் சுவரில் யாருடைய படம் இருந்தது, யார் திட்டி எழுதினார், என்ன விலை போட்டார், விற்றதா அல்லது சுற்றிக் கட்டி வீட்டுக்கே திரும்பி வந்ததா, இதெல்லாம் படத்தில் இருக்காது. அழைப்பிதழில் இருக்கும், தட்டச்சு செய்த விலைப்பட்டியலில் இருக்கும், நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும், பத்திரிகையில் வெட்டி ஒட்டிய நறுக்கில் இருக்கும். மியூசியம் படத்தை வாங்கும்போது பெரும்பாலும் இந்தக் காகிதங்களைக் கேட்பதே இல்லை.

ஆசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பல ஊர்களில் சமகாலக் கலையை வாங்கிச் சேர்க்கிற மியூசியமே நெடுங்காலம் கிடையாது. கண்காட்சி நடத்தியது, விமர்சனம் எழுதியது, பத்திரிகை அச்சடித்தது எல்லாமே ஓவியர்கள்தான். பரோடாவில் குலாம்முகம்மது ஷேக்கும் பூபேன் கக்கரும் சேர்ந்து 1969 முதல் 1973 வரை ‘விருச்சிக்’ என்றொரு சிறுபத்திரிகை நடத்தினார்கள். கக்கர் தொழிலால் கணக்காளர், வேலை போக மிச்ச நேரத்தில் ஓவியர். அந்தக் காலத்து இந்தியக் கலை உலகில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், அரசு அகாடமியை ஓவியர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பத்திரிகையைத்தான் புரட்ட வேண்டும். எந்த மியூசியத்திலும் சுவரில் மாட்டுகிற சமாசாரம் இல்லை அது. ஹாங்காங்கில் கிளேர் சூவும் ஜான்சன் சாங்கும் 2000-இல் ‘ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ்’ தொடங்கியது இந்த மாதிரி காகிதங்களுக்காகத்தான். ஓவியம் எதையும் வாங்கிக் குவிப்பது அதன் வேலை அல்ல. ‘விருச்சிக்’ முழுத் தொகுப்பும் இன்று அவர்கள் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது.

இந்த ஆய்வாளர்கள் ஓர் ஓவியர் வீட்டுக்குப் போனால் என்ன செய்வார்கள்? நேராக ஸ்கேனரைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்களா?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

ஸ்கேனர் வெளியே வர நாளாகும். முதல் சில சந்திப்புகளில் பேச்சு மட்டும்தான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கடிதக் கட்டை முன்பின் தெரியாத ஒருவர் கையில் யார் தூக்கிக் கொடுப்பார்கள்? அதில் கடன் கேட்ட கடிதம் இருக்கும், காதல் கடிதம் இருக்கும், இன்றைக்குப் பெரிய மனிதராகிவிட்ட ஒருவரைப் பற்றி அன்றைக்கு எழுதிய வசவும் இருக்கும். எதை உடனே வெளியிடலாம், எதை இத்தனை வருஷம் கழித்து, எதை எப்போதுமே கூடாது என்று பேசி எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

அப்புறம் அலமாரியையும் பெட்டிகளையும் எதையும் தொடாமல் இருக்கிற நிலையிலேயே படம் எடுப்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ரொம்ப முக்கியம். ஒரே உறைக்குள் ஒரு கண்காட்சி அழைப்பிதழும், ரயில் டிக்கெட்டும், வீட்டுக்காரர் வாடகை கேட்டு எழுதிய துண்டுச் சீட்டும் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த மாத வாடகையை நிறுத்தி வைத்துவிட்டு அந்தக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார் என்று ஊகிக்க இடம் இருக்கிறது. அழைப்பிதழை அழைப்பிதழ்க் கட்டிலும் டிக்கெட்டைக் குப்பையிலும் போட்டால் அந்த ஊகம் செத்தது. அதனால் அவர் வைத்த ஒழுங்கு நமக்கு ஒழுங்கின்மையாகத் தெரிந்தாலும் கலைக்கக் கூடாது.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன். சாதாரணக் காகிதத்துக்கு 300 அல்லது 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), அச்சிட்ட புகைப்படத்துக்கு 600, 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 3000-க்கு மேல் போவது வழக்கம். பாதுகாக்க ஒரு டிஃப் கோப்பு, இணையத்தில் காட்ட ஒரு ஜேபெக் அல்லது பிடிஎஃப். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், வெற்றாக இருந்தாலும். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது இதற்கு அடுத்த வேலை. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்று எழுதுவது. டெல்லியில் விமர்சகர் கீதா கபூர், ஓவியர் விவான் சுந்தரம் தம்பதியின் சேகரிப்பை ஸ்கேன் செய்தபோது இருவரும் இருந்தார்கள், சந்தேகம் வந்தால் கேட்க முடிந்தது. அசல் காகிதங்களும் அவர்களிடமே இருந்தன. ஹாங்காங் சிற்பி ஹா பிக் சுயென் விஷயம் வேறு. மனிதர் 1960-களிலிருந்து ஊரில் நடந்த கண்காட்சிகளுக்கெல்லாம் கேமராவோடு போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்காட்சிகளைப் படம் எடுத்து வைத்தவர். யாரும் அவரிடம் கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. 2009-இல் அவர் இறந்த பிறகு அந்தக் குவியல் ஆசியா ஆர்ட் ஆர்க்கைவின் கைக்கு வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு கட்டைவிரல் அளவுப் படத்தில் நிற்கிற ஒரு முகத்துக்குப் பெயர் வைக்க வேறு எத்தனை பேரைத் தேட வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

பழைய கண்காட்சி அழைப்பிதழ்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா?
– இல்லத்தரசி, மதுரை

போடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுகிற தொழில் செய்தவர். அவர் புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாவற்றையும் சேர்த்து வைத்ததால்தான் அவர் பெயரில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் நடக்கிறது.

நிகழ்த்துகலை என்கிறார்கள். ஒருவர் உடம்பில் பெயின்ட் பூசிக்கொண்டு தெருவில் நடக்கிறார், அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இதை எப்படி ஐயா ஆவணப்படுத்துவீர்கள்?
– வங்கி ஊழியர், திருச்சி

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி சரியானது. நீங்கள் சொன்ன வர்ணனைக்குச் சிங்கப்பூர்க் கலைஞர் லீ வென் கச்சிதமாகப் பொருந்துவார். 1992 முதல் உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட் பூசிக்கொண்டு ‘மஞ்சள் மனிதன்’ என்ற வரிசையை ஊர் ஊராக நிகழ்த்தினார். சீன இனத்தவன் என்றாலே இப்படித்தான் என்று நினைப்பவர்களுக்கு அதையே ஊதிப் பெரிதாக்கிக் காட்டுவது அவர் வழி. 1994-இல் வேறொரு கலைஞரின் நிகழ்ச்சி பெரும் சர்ச்சையானதும் சிங்கப்பூரில் நிகழ்த்துகலைக்கு அரசு நிதி நின்றது, அது திரும்ப வரப் பத்தாண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டில் அங்கே என்ன நடந்தது என்பதற்கு அரசாங்கக் கோப்பில் அதிகம் தேட முடியாது. கலைஞர்கள் கையில் இருந்த வீடியோ கேசட்டும் புகைப்படமும் துண்டறிக்கையும்தான் சாட்சி. லீ வென் 2012-இல் தானே ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். 2019-இல் இறந்துவிட்டார். அவருடைய சேகரிப்பு ஸ்கேன் ஆகி இணையத்தில் இருக்கிறது.

தைவானில் பிறந்து நியூயார்க் போன தெச்சிங் சியே என்பவர் இன்னொரு கோடிக்குப் போனார். 1980-81இல் ஒரு வருஷம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை தொழிற்சாலை வருகைக் கடிகாரத்தில் அட்டை குத்தினார், ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். மொத்தம் 8,760 மணி. அதில் 133 தடவை தவறிவிட்டது, 94 தடவை தூங்கிவிட்டதால், 29 தடவை தாமதமாக, 10 தடவை அவசரப்பட்டு முன்னாலேயே. இந்தக் கணக்கும் அவரே வைத்தது. இங்கே கலைப்படைப்பு எது, ஆவணம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம். அட்டைகளை எடுத்துவிட்டால் அவர் ஒரு வருஷம் சரியாகத் தூங்காதது மட்டும்தான் மிச்சம்.

ஓவியர்கள் பேட்டியில் தங்களைப் பற்றி அளந்துவிட்டால்? அதையும் அப்படியே சேர்த்து வைப்பார்களா?
– வாசகர், சேலம்

சேர்த்து வைப்பார்கள், பக்கத்திலேயே மற்றவர் சொன்னதையும் வைப்பார்கள். யார் சொல்வது மெய் என்று தீர்ப்பு எழுதுவது காப்பகத்தின் வேலையாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

இதற்குப் பெய்ஜிங்கில் நடந்தது நல்ல உதாரணம். 1989 பிப்ரவரி 5 அன்று தேசியக் கலைக்கூடத்தில் சீன நவீனக் கலையின் பெரிய கண்காட்சி தொடங்கியது. தொடங்கிய சில மணி நேரத்தில் சியாவ் லூ என்ற இளம்பெண் தன் படைப்பை நோக்கியே துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், நடுவில் கண்ணாடி, அதன் முன்னால் ஒரு தொலைபேசி, இதுதான் அந்தப் படைப்பு. போலீஸ் வந்தது, கண்காட்சி மூடப்பட்டது. பிற்பாடு வந்த எழுத்தில் இது சியாவ் லூவும் அவருடைய காதலர் தாங் சோங்கும் சேர்ந்து செய்தது என்று பதிவாகி, பல வருஷம் அப்படியே புத்தகத்துக்குப் புத்தகம் நகர்ந்தது. இருவரும் பிரிந்த பிறகு, 2004-இல், இது என்னுடையது மட்டும்தான் என்று சியாவ் லூ சொன்னார். சுட்டதற்குக் காரணமாக எல்லோரும் எழுதிய அரசியலைத் தாண்டி, தன் சொந்த வாழ்க்கையின் காயத்தையும் சொன்னார். ஏற்றவர்கள் உண்டு, மறுத்தவர்கள் உண்டு.

ஓர் ஆய்வாளர் 1990-களில் ஒரே ஒரு பேட்டியை எடுத்து, சரி, விஷயம் முடிந்தது என்று கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் 1980-களின் சீனக் கலையைத் தொகுத்த ஆய்வாளர்கள் ஓவியர், விமர்சகர், கண்காட்சி நடத்தியவர் என்று பலதரப்பிலும் பேட்டி எடுத்தார்கள். எந்தப் பேட்டி என்றைக்கு எடுத்தது என்கிற தேதி இங்கே பேட்டிக்குச் சமமான முக்கியம். மனிதர்கள் பொய் சொல்வதைவிட, பத்து வருஷம் கழித்து வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வது அதிகம்.

என் அப்பா ஓவியர். போன வருஷம் காலமாகிவிட்டார். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பீரோ நிறையக் காகிதமும் நெகட்டிவும் வீடியோ கேசட்டும் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. லாமினேட் செய்து வைக்கலாம் என்கிறார் என் கணவர்.
– வாசகி, சென்னை

அம்மா, முதலில் அந்த லாமினேஷனை நிறுத்துங்கள். சூடு காட்டி பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கிற அமிலம் உள்ளேயே இருந்து காகிதத்தை அரிக்கும். கிழிந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டுவதும் அப்படித்தான், சில வருஷத்தில் பழுப்பேறிப் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

வகை பிரிக்காதீர்கள். பெட்டி 1, பெட்டி 2, பீரோ மேல் தட்டு என்று எண் கொடுங்கள், திறந்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள், அப்புறம் ஒவ்வொரு கட்டையும் அதே வரிசையில் வெளியே எடுத்து ஒரு நோட்டில் குறியுங்கள். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேபிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடலாம். ரப்பர் பேண்டையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறைகள், அதாவது புதுசாக வாங்கியதும் ஒரு வாடை வருமே அவை, வேண்டவே வேண்டாம். அமிலமில்லாத காகித உறை, கிடைக்காவிட்டால் பாலியெஸ்டர் உறை. பெட்டியைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், அங்கேதான் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் பூஞ்சை, பின்னாலேயே ராமபாணப் பூச்சி, கரையான். அந்துருண்டை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எதை முதலில் காப்பாற்றுவது என்று கேட்டால், ஃபேக்ஸ். உங்கள் அப்பா 1980, 90-களில் வெளிநாட்டுக் கண்காட்சி எதிலாவது பங்கெடுத்திருந்தால் கடிதப் போக்குவரத்து முழுக்க ஃபேக்ஸில் இருக்கும். அந்த வழவழப்பான வெப்பத்தாள் தானாக வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும், இந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள். அடுத்து வீடியோ கேசட். நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டுகிற மிஷினும் சந்தையில் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களை மாற்றி முடிக்க 2025-ஐக் கெடுவாக வைத்து எச்சரித்தது, அந்தக் கெடுவும் வந்துவிட்டது. நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஸ்கேன் செய்ததற்கு மூன்று பிரதி, இரண்டு விதமான கருவியில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில்.

இதெல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று சொல்கிறேன். அப்பாவின் நண்பர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுங்கள். மொபைலில் பேச்சைப் பதிவு செய்துகொண்டே, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதானால் பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். ஸ்கேனரை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். எழுபத்தெட்டு வயது நண்பருக்கு அடுத்த வருஷம் வரை நேரம் கொடுக்க முடியாது.

படத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். அதன் புகைப்படத்தை இணையத்தில் போட ஓவியர் குடும்பத்திடம் எதற்கு அனுமதி?
– சேகரிப்பாளர், பெங்களூரு

நீங்கள் வாங்கியது துணியும் வண்ணமும். படியெடுக்கிற உரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, ஓவியரிடமே இருக்கிறது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் ஆயுள், அதற்குப் பிறகு 60 வருஷம். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் இதே கணக்குதான். கடிதத்தில் இன்னும் வேடிக்கை. காகிதம் வந்து சேர்ந்தவருடையது, வாசகம் எழுதியவருடையது. அப்பாவுக்கு வந்த நானூறு கடிதத்தை இணையத்தில் ஏற்ற வேண்டுமானால் எழுதிய அத்தனை பேரிடமும், அல்லது அவர்கள் வாரிசுகளிடமும் கேட்டாக வேண்டும். ஹா பிக் சுயென் உலகத்துப் பத்திரிகைகளையெல்லாம் வெட்டி ஒட்டிப் புத்தகம் புத்தகமாகப் படத்தொகுப்பு செய்தாரே, அதில் ஒரு பக்கத்திலேயே எத்தனை பேர் உரிமை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காப்பகத்துக்கு நேரில் வந்தால் காட்டுவோம், இணையத்தில் போட மாட்டோம் என்று பல ஆவணங்களுக்குச் சொல்வது இதனால்தான். லாபநோக்கம் இல்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கிற அசலைப் பாதுகாக்க டிஜிட்டல் படி எடுத்து வைக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. வைத்துக்கொள்ளத்தான், ஊருக்கெல்லாம் பரப்ப அல்ல.

நம் ஓவியர்களின் கடிதங்கள் எதற்கு ஹாங்காங் போக வேண்டும்? அந்தக் காலத்தில் சிலையைக் கொண்டுபோனார்கள், இப்போது காகிதமா?
– வாசகர், தஞ்சாவூர்

சந்தேகப்படுவது நல்லதுதான். பெரும்பாலும் போவது டிஜிட்டல் படி, அசல் வீட்டிலோ உள்ளூர் நிறுவனத்திலோ தங்குகிறது, டெல்லியிலும் ஆசியா ஆர்ட் ஆர்க்கைவுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வி அதோடு தீரவில்லை. எந்த ஓவியரைத் தேர்ந்தெடுப்பது, எந்தச் சொல்லில் தேடினால் கிடைக்கும், விவரக் குறிப்பு எந்த மொழியில் என்பதையெல்லாம் படி வைத்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார். ஓர் ஊரின் அரசியல் மாறினால் அங்கே இருக்கிற ஆவணத்தின் கதி என்ன என்ற கவலையும் உண்டு. 2020 ஜூன் கடைசியில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஹாங்காங் விஷயத்தில் இந்தக் கவலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

உள்ளூரில் மட்டும் வைத்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மணிலாவில் 2000 முதல் ஓவியர்கள் நடத்திவந்த ‘கிரீன் பப்பாயா’ என்ற இடத்தில் 2020 ஜூனில் தீப்பிடித்தது. தங்கள் இருபது வருஷ ஆவணங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாக்காரர்கள் 1995-இல் தொடங்கிய அறக்கட்டளை 2007-இல் இந்தோனேசியக் காட்சிக்கலை ஆவணக் காப்பகமாக வளர்ந்தது, உள்ளூர் மொழி, உள்ளூர் ஆட்கள். எனக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும். அசல் நம்மிடம், விவரக் குறிப்பு நம் மொழியில், படி மட்டும் இரண்டு மூன்று தேசத்தில்.

தமிழ்நாட்டு ஓவியர்களைப் பற்றி இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? எதைத் தேடினாலும் பரோடா, டெல்லி, மும்பை என்றே வருகிறது.
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

தேடுபொறியில் வராததற்குக் காரணம் இங்கே எதுவும் நடக்கவில்லை என்பது அல்ல. சென்னையில் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்களே நிலம் வாங்கிக் குடியேறிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுக் காசு சேர்த்தார்கள், அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தால் நான் பத்து ஓவியத்தைவிட அதைத்தான் கேட்பேன். 1960-களின் தொடக்கத்திலிருந்து ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கலைப் பத்திரிகையும் சென்னையிலிருந்து வந்தது.

பரோடாவுக்கு என்ன வாய்த்தது என்றால் ஜோதி பட். ஓவியர், கூடவே ஓயாத புகைப்படக்காரர். வகுப்பறை, சுவரோவியம், கல்லூரிச் சந்தை, நண்பர்கள் கூத்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அந்தப் படங்களை ஸ்கேன் செய்ததும் பரோடாவின் கதை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. தெரிகிற கதையைத்தான் அடுத்த தலைமுறை எழுதும்.

நம் கதையில் பெரும்பகுதி சிறுபத்திரிகையில் இருக்கிறது. ஆதிமூலம் மாதிரியானவர்கள் சிறுபத்திரிகைகளுக்கு வரைந்தார்கள், எழுத்தாளர்களோடு பழகினார்கள். கலை விமர்சனம் தமிழில் வந்தது கதைக்கும் கவிதைக்கும் நடுவில். அதைக் கலை நூலகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தெற்காசியக் கலை எழுத்துகளுக்கு ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் தொகுத்த நூலடைவில் தமிழும் ஒரு மொழி, அது நல்ல தொடக்கம். ஆனால் யாராவது உட்கார்ந்து 1959-இலிருந்து ஒவ்வொரு சிறுபத்திரிகையாகப் புரட்டி, அட்டைப்படம் யார், உள்ளே கோட்டோவியம் யார், எந்தக் கண்காட்சிக்கு மதிப்புரை என்று ஒரு பட்டியல் போட வேண்டும். பிஎச்.டி.க்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் தம்பி, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறேன். எரிந்ததையும் இடம்பெயர்ந்ததில் தொலைந்ததையும் எப்படி ஆவணப்படுத்துவது?
– வாசகர், நல்லூர்

உங்களுக்கு நான் சொல்வதைவிட உங்கள் ஊர்க்காரர் செய்ததைச் சொல்லலாம். யாழ் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கிற ஓவியர் தா. சனாதனன், போரில் வீட்டை விட்டு வந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். வரைபடக் கலை தெரியாத சனம், கிணறு இங்கே, அடுப்படி இங்கே, மாமரம் இங்கே என்று கோடு போட்டுக் காட்டியது. அதை வைத்துத் தளவரைபடமும் அவருடைய சித்திரமும் அவர்கள் சொன்ன கதையும் சேர்த்து, பழைய டச்சுக் காலக் காணிப் பதிவேடு மாதிரி 2011-இல் ஒரு நூலாக வந்தது. இல்லாத வீட்டுக்குப் பத்திரம். இதைக் கலைப்படைப்பு என்று சொல்லலாம், ஆவணம் என்றும் சொல்லலாம், எனக்கு இரண்டும் சம்மதம்.

1981-இல் எரிந்த யாழ் நூலகத்தோடு போனது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். அதற்குப் பிறகு எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் ஒன்றைத் தன்னார்வலர்களே கட்டியெழுப்பினார்கள் என்றால், ‘நூலகம்’ என்ற இணையதளத்தைத்தான் சொல்கிறேன், ஒரே கட்டடத்தை நம்பக் கூடாது என்பது உங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிய வேண்டியதில்லை. பழைய கண்காட்சி மலர், பள்ளிக்கூட நாடகத் திரைச்சீலையின் படம், சித்திரப் பாட ஆசிரியரின் குறிப்பேடு எது கிடைத்தாலும் அவர்களிடம் பேசுங்கள். புலம்பெயர்ந்த வீடுகளில் நிறைய இருக்கும். ஓடும்போது மனிதர்கள் கையில் எடுத்துக்கொண்டு போவது ஆல்பத்தைத்தானே.

இப்போது எல்லா ஓவியரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். தானாகவே ஆவணமாகிவிடுகிறதே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கணக்கு முடங்கினால், பாஸ்வேர்டு தெரிந்தவர் இறந்தால், கம்பெனி கொள்கையை மாற்றினால் போச்சு. தொண்ணூறுகளின் ஃபேக்ஸுக்காவது வெளுக்கச் சில வருஷம் பிடித்தது. வாட்ஸ்அப்பில் வந்த படமோ சுருங்கி, எடுத்த தேதி விவரமும் உதிர்ந்துதான் வந்து சேரும். ஓவியராக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் கணக்கின் தரவை முழுசாக இறக்கிச் சேமியுங்கள். அசல் கோப்பை வேறு இடத்தில் வையுங்கள். படைப்பின் பெயர், அளவு, ஊடகம், வருஷம் நான்கையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். இந்த நான்கும் இல்லாத அழகான படங்கள் இப்போதே இணையம் முழுக்க அநாதையாகத் திரிகின்றன.

காப்பகத்தில் படம் இருந்தால் ஓவியம் அசல் என்று அர்த்தமா?
– வாசகர், மும்பை

இல்லை. சான்றிதழ் கொடுப்பது அவர்கள் தொழில் அல்ல, கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பழைய கேட்டலாகில் அளவு 90 சென்டிமீட்டர் என்று இருந்து உங்கள் படம் 120 இருந்தால் யோசிக்க வேண்டும், அவ்வளவுக்கு உதவும். போலி செய்பவர்களும் கேட்டலாக் படிக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கே கஷ்டப்படும் ஓவியர்கள் இருக்கும்போது அவர்கள் வீட்டுக் காகிதத்தை ஸ்கேன் செய்வது யாருக்கு லாபம்? உங்களைப் போன்றவர்கள் கட்டுரை எழுத மட்டும்தானே?
– ஓவியர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

கோபம் நியாயம். ஆவணக் காப்பகம் யாருக்கும் சோறு போடாது. இலவசமாக நேரத்தையும் நினைவையும் வாங்கிக்கொண்டு போய், கட்டுரை வந்த பிறகு ஒரு பிரதிகூட அனுப்பாத ஆய்வாளர்களும் உண்டு. ஸ்கேன் செய்த கோப்பின் முழுப் படியும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், பயன்படுத்தும்போது உங்கள் பெயர் வர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியை எடுக்கச் சொல்ல உரிமை வேண்டும், உங்கள் வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுகிற உதவியாளருக்கு மட்டுமல்ல, உங்கள் நேரத்துக்கும் ஊதியம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்கலாம். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடாதவரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் ஆரம்பம் முதல் செய்ததையெல்லாம் காட்டுகிற பின்னோக்குக் கண்காட்சிக்கு ஆள் தேடும்போதும், புத்தகம் போடும்போதும், காகிதம் இருப்பவர் பெயர்தான் முதலில் வரும். காகிதம் இல்லாதவர் நல்ல ஓவியராக இருந்தும் அடிக்குறிப்பில் போய் நிற்கிறார். பெண்களுக்கு இது இன்னும் அதிகம். கணவரின் நறுக்குகளை வருஷக்கணக்காக ஒட்டி வைத்தவர் தன் படங்களுக்கு ஒரு பட்டியல்கூட வைத்திருக்க மாட்டார். பாங்காக்கில் 1997-இல் தொடங்கிய ‘வுமனிஃபெஸ்டோ’ என்ற பெண் கலைஞர்கள் சந்திப்பின் விவரங்கள் இன்றைக்குக் கிடைப்பது, அதை நடத்திய பெண்களே கடிதத்தையும் படத்தையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?
– பிளஸ் டூ மாணவி, ஈரோடு

கலை வரலாறோ நூலக அறிவியலோ உதவும். அதைவிட, இரண்டு மூன்று மொழியில் கையெழுத்து படிக்கத் தெரிய வேண்டும், வயதானவர்கள் ஒரே கதையை நாலாவது தடவை சொல்லும்போதும் கேட்க வேண்டும். நாலாவது தடவையில்தான் சில சமயம் ஒரு புதுப் பெயர் வரும். மணிலாவில் கலைஞர் ராபர்ட்டோ சாபெட்டின் ஐம்பது வருஷ ஆவணங்களைத் தொகுத்த ரிங்கோ புனுவான் தானே ஓர் ஓவியர். ஓவியம் தெரிந்தவர் இந்த வேலைக்கு வந்தால் எந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் வீடே குப்பைமேடாகிவிடாதா? எதைத்தான் போடுவது?
– வாசகி, வேலூர்

ஒரே அழைப்பிதழ் ஐம்பது பிரதி இருந்தால் மூன்று போதும், அதிலும் யாராவது பேனாவால் கிறுக்கிய பிரதி இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கிற ஓவியக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். மின்கட்டண ரசீது, மளிகைச் சீட்டு போடலாம், பின்பக்கம் கோட்டோவியம் இல்லை என்று திருப்பிப் பார்த்த பிறகு. வண்ணம், கேன்வாஸ் வாங்கிய ரசீதைப் போடாதீர்கள், எந்த வருஷம் என்ன வண்ணம் பயன்படுத்தினார் என்பதற்கு அது சாட்சி. டைரியைப் போடுவதா என்ற முடிவை மட்டும் ஒருவராக எடுக்காமல் குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி எடுங்கள், இருபது வருஷம் சீல் வைத்துக் கொடுக்கிற வழியும் காப்பகங்களில் இருக்கிறது.